ஆக்குலோபிளாஸ்டி ஃபெலோஷிப்: கத்தி எடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கண் மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. மேற்படிப்பு முடித்த கையோடு ஆக்குலோபிளாஸ்டியில், அதாவது இமை, கண்ணீர்ப் பாதை, கண்குழி அறுவையில், ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி தேடும் இளம் கண் டாக்டர்கள் முதலில் கேட்பது, “அங்கே எத்தனை கேஸ் கையில தருவாங்க சார்?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதை மட்டும் வைத்து இடத்தை முடிவு செய்யக் கூடாது. புரை அறுவையில் கை பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே கை பழகுவது கடைசியில் வருகிற விஷயம். இமைத் தொய்வில் தவறாக எடுத்த அளவு, கண்கட்டியில் லேபுக்கே போகாத திசு, ஸ்கேன் பார்க்காமல் திறந்த கட்டி என்று, நோயாளி பிறகு படும் பாட்டில் பெரும்பகுதி ஓபிடியிலேயே (புறநோயாளிப் பிரிவு) தீர்மானமாகிவிடுகிறது.

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளாக இருந்தாலும் சரி, சிறிய இடமாக இருந்தாலும் சரி, விண்ணப்பிக்கும் முன் அங்கே இப்போது படிக்கிற ஃபெலோவிடம் பேசிவிடுங்கள். கண்குழிக் கட்டிகள் வருகின்றனவா, அல்லது இமைத் தொய்வும், கண்ணீர்ப் பாதை அடைப்புக்கான டி.சி.ஆர். அறுவையும் மட்டும்தானா? இரவில் விபத்துக் கேஸ் வந்தால் யார் பார்ப்பது? திசுவைப் பரிசோதிக்கும் பேத்தாலஜி உள்ளேயே இருக்கிறதா? இ.என்.டி., நியூரோசர்ஜரி டாக்டர்களோடு சேர்ந்து அறுவை செய்யும் வழக்கம் உண்டா? தானே செய்தது எத்தனை, பக்கத்தில் நின்று ரிட்ராக்டர் பிடித்தது எத்தனை? கடைசிக் கேள்விக்கு ஒரு கணம் தயங்கினால் பதிலை ஊகித்துக்கொள்ளலாம். பாண்டு (ஒப்பந்தப் பத்திரம்) இருந்தால் கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படியுங்கள். அமெரிக்காவில் இந்தத் துறையின் சங்கம் அங்கீகரிக்கும் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகள். நம் ஊரில் ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள். சில வாரம் ஓர் இடத்தில் பார்வையாளராக நின்றுவிட்டு வந்து போர்டில் ‘ஃபெலோ’ என்று எழுதுவதைப் பற்றி நான் என்ன சொல்வது!

இனி ஓபிடிக்கு வருவோம். டோசிஸ், அதாவது இமைத் தொய்வு, பார்க்க எளிது. அளக்கத் தெரிந்தால்தான் சிகிச்சை. மேல் இமையைத் தூக்கும் லெவேட்டர் தசை எவ்வளவு தூக்குகிறது என்பதே எந்த அறுவை என்று முடிவு செய்கிறது. நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, ஸ்கேலின் பூஜ்யத்தை மேல் இமை விளிம்பில் வைத்து, பிறகு மேலே பார்க்கச் சொன்னால் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று பார்க்கிறோம். இதில் புருவத்தைக் கட்டைவிரலால் எலும்போடு அழுத்திப் பிடிக்காமல் விட்டால் எல்லாம் கெட்டது. பல ஆண்டுகளாக இமை தொங்கியவர் நெற்றித் தசையால் இமையைத் தூக்கிப் பழகியிருப்பார். அந்தத் தூக்கலும் கணக்கில் சேர்ந்துவிடும். உண்மையில் 4 மி.மீ. இருப்பது 7 என்று விழும். 4-க்கு நெற்றித் தசையோடு இமையை இணைக்கும் ஸ்லிங் போட வேண்டும். 7 என்று நம்பி லெவேட்டரைச் சுருக்குவீர்கள். மூன்று மாதத்தில் இமை பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அறுவை நன்றாகத்தானே போனது என்று வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் தவறு அதில் தெரியாது, அது கேஸ் ஷீட்டில் இருக்கிறது.

அளவு சரியாக எடுத்த பிறகும் சிலவற்றை விட்டுவிடுகிறார்கள். தொங்கும் இமையை விரலால் தூக்கிப் பிடித்து மறு கண்ணைப் பாருங்கள். இரண்டு இமைகளுக்கும் மூளையிலிருந்து ஒரே அளவு கட்டளைதான் போகிறது. ஒன்றைத் தூக்கினால் மற்றது இறங்கலாம். இதை முன்பே பார்த்துச் சொல்லாவிட்டால், ஆறாம் நாள் தையல் பிரிக்க வருகிறவர், “நல்லா இருந்த கண்ணையும் கெடுத்துட்டீங்களே டாக்டர்” என்பார். கண்ணை மூடும்போது கருவிழி மேலே உருள்கிறதா என்று பாருங்கள். உருளாதவருக்கு இமையை முழு உயரத்துக்குத் தூக்கினால் இரவில் கருவிழி காய்ந்து புண்ணாகும். பிறவித் தொய்வுள்ள குழந்தைக்குப் பால் பாட்டிலைக் கொடுத்துவிட்டு இமையைக் கவனியுங்கள். உறிஞ்சும்போது இமை துள்ளினால் அது தாடையோடு சேர்ந்து இயங்கும் வேறு வகைத் தொய்வு. காலையில் சரியாக இருந்து மாலையில் தொங்குகிறது என்று யாராவது சொன்னால் தசைகள் எளிதில் சோர்ந்துபோகும் மையஸ்தீனியா நோயை நினைக்க வேண்டும். மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து, 2 மி.மீ. ஏறினால் சந்தேகம் வலுக்கும். கண் பாப்பா (கண்மணி) விரிந்து, கண் வெளிப்பக்கம் போய், திடீரென்று தொங்கிய இமை உங்கள் கேஸே இல்லை. மூளை ரத்தக் குழாயில் வீக்கம் இருக்கலாம். அன்றைக்கே ஆஞ்சியோகிராம் எடுக்க அனுப்புங்கள்.

தியேட்டரிலும் இதன் நீட்சி உண்டு. மரத்துப்போகப் போடும் லோக்கல் மருந்தில் இருக்கும் அட்ரினலின் இமையின் மியூலர் தசையை இறுக்கித் தற்காலிகமாக இமையைத் தூக்கும். மருந்து அதிகமானால் லெவேட்டரே சோர்ந்து தொங்கும். படுத்திருப்பவரின் இமையைப் பார்த்து உயரம் முடிவு செய்வது அதனால் ஏமாற்று வேலை. மருந்தைக் குறைவாகப் போடுங்கள், முடிச்சை இறுக்கும் முன் டேபிளிலேயே உட்கார வையுங்கள்.

அடுத்தது கண்கட்டி. ஃபெலோக்கள் இதைச் சில்லறைக் கேஸ் என்று நினைக்கிறார்கள். ஐம்பது தாண்டியவருக்கு அதே இடத்தில் இரண்டாவது முறை கண்கட்டி வந்தால், அல்லது அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்திருந்தால், அல்லது ஒரே கண்ணில் மாதக்கணக்கில் ஆறாத சிவப்பும் இமை அழற்சியும் இருந்தால், செபேசியஸ் (எண்ணெய்ச்) சுரப்பிப் புற்று இல்லை என்று நிரூபிக்கும் வரை அதுதான். மேலை நாட்டுப் பாடநூல்களில் இமைப் புற்று என்றால் பேசல் செல் வகைக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கியிருக்கும். நம் நாட்டில் செபேசியஸ் வகை அந்த நூல்களில் தெரிவதைவிட மிக அதிகம். சுரண்டி எடுத்ததைப் பஞ்சில் துடைத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டால் நோயாளி மூன்று இடம் மாறி, நிணநீர்க் கணு வீங்கியபின் திரும்பி வருவார். லேபுக்கு அனுப்பும்போது படிவத்தில் வெறுமனே ‘கண்கட்டி’ என்று எழுதாதீர்கள். சந்தேகத்தை எழுதுங்கள், போனிலும் சொல்லுங்கள். வழக்கமான பதப்படுத்தலில் கொழுப்பு கரைந்துபோகும் என்பதால், கொழுப்புச் சாயம் தேவைப்பட்டால் பேத்தாலஜிஸ்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கட்டியிலும் முதலில் ஒரு துணுக்கு எடுத்து அனுப்பலாம் என்று கிளம்பினால் அது அடுத்த தவறு. கண்ணீர்ச் சுரப்பிக் கட்டியில் விதி தலைகீழ். ஓராண்டுக்கு மேலாக வலியில்லாமல் மெல்ல வளர்ந்து, கண்ணைக் கீழும் உள்ளுமாகத் தள்ளி, சி.டி.யில் எலும்பு அரிக்கப்படாமல் வழவழப்பாகக் குழிந்திருந்தால் அது பெரும்பாலும் பிளியோமார்ஃபிக் அடினோமா என்ற, புற்றல்லாத கட்டி. அதில் துணுக்கு எடுக்கக் கூடாது. உறை கிழிந்தால் செல்கள் சிந்தி, ஆண்டுகள் கழித்து பல இடங்களில் முளைக்கும், புற்றாகவும் மாறலாம். உறையோடு முழுதாக எடுக்க வேண்டும். அதே சுரப்பியில் சில மாதங்களே ஆன கட்டி, வலி, எலும்பு அரிப்பு என்று இருந்தால் பயாப்சிதான் முதல் வேலை. கத்தி வைப்பதா, கூடாதா என்பதை இங்கே தீர்மானிப்பது நோயாளி சொல்லும் கதையும் ஸ்கேனும்தான். ஆகவே, “எத்தனை நாளா இருக்கு, வலிக்குதா?” என்ற இரண்டு கேள்விகளை நர்ஸ் எழுதி வைத்ததிலிருந்து படிக்காமல் நீங்களே கேளுங்கள். இதே ரகத்தில் இன்னொன்று: பச்சைக் குழந்தைக்கு மூக்கோரத்தில், கண்ணின் உள் மூலைக்கு மேலே வீக்கம், அழும்போது பெரிதாகிறது என்றால் ஊசியைத் தொடாதீர்கள். மூளை உறை இறங்கியிருக்கலாம்.

கண்குழிக்குள் ஏற்படும் ரத்தப் பெருக்கைப் பற்றி எல்லோரும் படித்திருக்கிறார்கள், நேரில் பார்க்கும்போது உறைந்துவிடுகிறார்கள். கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லிதான்; சுற்றி எலும்பு, முன்னால் இறுக்கமான இமைகள். இமை அறுவை முடிந்த அன்று இரவு வார்டிலிருந்து போன் வருகிறது: நோயாளிக்கு வலி, வாந்தி. வலி மாத்திரை கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பதுதான் இந்தத் துறையின் மிகக் கொடிய தவறு. எழுந்து போய்க் கட்டைப் பிரியுங்கள். இமை கல்லாக இறுகி, கண் பிதுங்கி, பார்வை குறைந்து, பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை என்றால் சி.டி.க்கு அனுப்பாதீர்கள். ரத்த ஓட்டம் இல்லாமல் விழித்திரை தாங்குவது ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். படுக்கையிலேயே வெளி மூலையை வெட்ட வேண்டும். அதோடு நின்றுவிடுவதும் தவறு. தோலும் மூலையும் பிரிந்தால் மட்டும் அழுத்தம் குறையாது, கீழ் இமையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாரின் கீழ்க் காலையும் வெட்ட வேண்டும். அது முழுதாக வெட்டுப்பட்டதா என்று அறிய ஃபோர்செப்ஸால் இமையைப் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள். கண்ணை விட்டுத் தளர்ந்து வந்தால் வேலை முடிந்தது. இன்னும் இறுக்கமாக இருந்தால் கத்தரிக்கோலை மறுபடி உள்ளே விடுங்கள். இமையைப் பிறகு தைத்துக்கொள்ளலாம்.

இந்த நிலைமை வராமலிருக்க முன்கூட்டியே கேட்க வேண்டியதையும் சரியான விதத்தில் கேட்க வேண்டும். “ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுறீங்களா?” என்றால் பெரும்பாலும் “இல்லை” என்பார்கள். “நெஞ்சுக்கு ஏதாவது சின்ன மாத்திரை?” என்று கேட்டால், “அது இருக்கு, ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் ஒண்ணு” என்று ஈகோஸ்பிரின் (ஆஸ்பிரின்) வெளியே வரும். அதை நீங்களே நிறுத்தவும் கூடாது, அவருடைய இதய டாக்டரிடம் பேசுங்கள். இமையிலிருந்து கொழுப்பு எடுக்கும்போது அதை இழுத்து வெட்டுகிற பழக்கமும் வேண்டாம். உள்ளே பின்வாங்கும் ரத்தக் குழாய் ஆழத்தில் போய்க் கசியும்.

குழந்தைகளின் கண்குழி எலும்பு முறிவு இன்னொரு பொறி. பந்து பட்டது என்று வருவார்கள். கண் வெள்ளையாக, வீக்கமே இல்லாமல் இருக்கும். குழந்தை மேலே பார்க்க மறுக்கும், வாந்தி எடுக்கும், நாடி குறையும். தலையில் அடி என்று எண்ணி மூளை ஸ்கேன் மட்டும் எடுத்து அனுப்பிவிடுவது வழக்கமான பிழை. கண்ணை அசைக்கும் தசை எலும்பு முறிவில் சிக்கியிருக்கிறது; ஓரிரு நாளில் விடுவிக்காவிட்டால் தசை செத்துப்போகும்.

தைராய்டு கண் நோயில் தவறுவது வரிசை. முதலில் கண்குழியை அகலப்படுத்துதல், பிறகு மாறுகண், கடைசியாக இமை. நோயாளி கேட்பது பெரும்பாலும் இமையைத்தான். வீட்டில் கல்யாணம், போட்டோவில் கண் முறைக்கிறது என்பார். அதற்கு இணங்கி இமையை முதலில் சரிசெய்தால், பின்னால் வரும் அறுவைகள் அதன் உயரத்தை மறுபடி மாற்றிவிடும். அழற்சி அடங்கி ஆறு மாதமாவது நிலையாக இருந்த பின்பே இந்த வரிசை தொடங்கும். பார்வை நரம்பு நசுங்கினால் மட்டும் காத்திருக்க முடியாது. எல்லா நிலையிலும் புகைப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விடும் ஃபெலோக்கள் நிறைய.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பயிற்சியில் இருந்தவர்களுக்கு மியூக்கர் என்ற கறுப்புப் பூஞ்சையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பின் வந்தவர்கள் அதை முடிந்துபோன கதையாகப் பார்ப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், ஒரு பக்க முகவலி, கன்னத்தில் மரத்துப்போதல், இமை தொங்கல் என்று வந்தால் மூக்குக்குள் கறுப்பு தெரிகிறதா என்று பார்த்து, இல்லை என்றதும் நிம்மதியாகிறார்கள். கறுப்பு தாமதமாகத்தான் வரும். அன்றே இ.என்.டி. டாக்டர் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கட்டும்.

ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுக்காகக் குழந்தையின் கண்ணை எடுக்கும் அறுவை இருக்கும் நாளில், குழந்தை மயங்கிய பின், துடைத்து டிரேப் போடும் முன், விழித்திரையைப் பார்க்கும் இன்டைரக்ட் கருவியை மாட்டிக்கொண்டு கட்டி இருக்கும் கண் இதுதானா என்று நீங்களே பாருங்கள். ரெட்டினோபிளாஸ்டோமாவில் பார்வை நரம்பை முடிந்தவரை நீளமாக, 10 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 15 மி.மீ. வெட்டி எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தக் கண் என்பதற்குக் கேஸ் ஷீட்டை மட்டும் நம்பிவிடுகிறார்கள்.

படம் எடுப்பது இந்தத் துறையில் மருத்துவப் பதிவு. அறுவைக்கு முன் நேராக, மேலே, கீழே, கண் மூடி என்று ஒரே வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். இமை முன்பே சமமில்லாமல் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. ஆனால் எழுத்தில் சம்மதம் வாங்காமல் அதை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். கண்ணின் உட்புறப் படத்தில் ஆள் தெரியாது, நம் படங்களில் முகமே தெரியும்.

லாக்புக்கில் அறுவைப் பட்டியலோடு ஆறு வாரம், ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று எழுத ஒரு பத்தி விடுங்கள். பல இடங்களில் ஃபெலோ தியேட்டரில் நிற்கும் நாளில் அவர் செய்த கேஸ்கள் ஓபிடியில் வேறொருவரிடம் வந்துபோகின்றன. அதை ரொட்டேஷன் என்று ஏற்றுக்கொள்ளாமல் அந்த நோயாளிகளை உங்கள் நாளுக்கு வரச் சொல்லுங்கள்.

பயிற்சி முடித்து ஊர் திரும்பியதும் முகத்தில் பள்ளம், சுருக்கத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசிதான் முதலில் வருமானம் தரும். புருவ நடுவிலும் மூக்கிலும் போடும் ஃபில்லர் ரத்தக் குழாயில் ஏறினால் விழித்திரைக்கு ரத்தம் நின்று கண் போகும். வார இறுதிப் பயிலரங்கில் ஊசி போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். முதல் ஊசியைப் போடும் முன் ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் அதே அறையில், காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.