கடைவாய் கொதிக்கும் முன்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

வங்கிக் கணக்கு திறப்பது, அறை பிடிப்பது, குத்தரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதெல்லாம் வந்த முதல் வாரத்திலேயே ஒரு அண்ணாவோ அக்காவோ சொல்லித் தந்துவிடுவார்கள். பல்லைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. படிக்க வருகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு வயது. ஞானப்பல் முளைக்கிற வயதும் அதுதான்.

நான் களுவாஞ்சிகுடியில் இருந்து வந்து மூன்றாம் மாதம். ஒரு இரவு இடது பக்கக் கீழ்க் கடைவாயில் தொடங்கிய கொதி, விடியும்போது வாய்க்குள் கரண்டி நுழையாத அளவுக்குத் தாடையை இறுக்கிவிட்டது. ஜிபிக்கு, அதாவது குடும்ப டொக்டருக்கு, கோல் எடுத்தேன். பல் நாங்கள் பார்ப்பதில்லை என்றார்கள். ஊரில் என்றால் விடியக் காலமை ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்து வாங்கில் குந்தியிருந்தால், மத்தியானத்துக்குள் ஒரு பல் டொக்டர் வாய்க்குள் பார்த்திருப்பார். காசும் இல்லை. இங்கே பல்லுக்கு வழியே வேறு. வீட்டுக்குப் பக்கத்தில்தான் போக வேண்டும் என்ற சட்டம் இல்லை; என்எச்எஸ் என்கிற அரச சுகாதார சேவையில் ஆட்களை எடுக்கிற எந்தப் பல் டொக்டரிடமும் போகலாம். எடுக்கிறவரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. அதைக் கொதி வருவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். கொதி வந்து யாரும் கிடைக்காவிட்டால் 111 என்ற என்எச்எஸ் இலக்கத்துக்கு அடித்து அவசரப் பல் சிகிச்சை என்று கேளுங்கள்.

காசு விஷயத்தில் நான் ஏமாந்தேன். விசாவோடு கட்டுகிற சுகாதாரக் கட்டணம், மாணவருக்கு வருடம் 776 பவுண், பல்லுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. 2025 ஏப்ரல் விலைப்படி இங்கிலாந்தில் என்எச்எஸ்ஸில் பல் பிடுங்க 75.30 பவுண். பார்ப்பது, எக்ஸ்ரே, பிடுங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். 19 வயதுக்குள் முழுநேரம் படிக்கிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் வயது, கையில் வருமானமும் குறைவு என்றால் கட்டணத்துக்கு உதவி கேட்கிற எச்சீ-1 படிவம் நிரப்பிப் பாருங்கள். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி அங்கே பிடுங்கினால் அதற்கும் காசில்லை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் கணக்கு வேறு.

கடைசியில் ஒரு பல் டொக்டர் கிடைத்தார். பல்லை மூடியிருந்த முரசுத் தோலுக்கு அடியில் கழுவித் துப்பரவாக்கிவிட்டு, பிடுங்காமல் அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம். அம்மா ஃபோனில், "என்ன மனே, அங்க டொக்டர்மாருக்குப் பல்லுப் புடுங்கத் தெரியாதா?" என்று கேட்டா.

தெரியும். ஆனால் பாதி முளைத்த பல்லுக்கு மேல் கிடக்கிற தோலுக்குள் சோறு சிக்கி வீங்குவது முதல் தடவை என்றால், அது மிகக் கடுமையாக இருந்தால் ஒழிய, அதற்காகப் பிடுங்க வேண்டியதில்லை. இரண்டாம் தடவை வந்தால் யோசிக்கலாம். நைஸ் என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டில் இங்கே வகுத்த வழிமுறை இது. நோயில்லாமல் புதைந்து கிடக்கிற ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுப்பதையும் அது நிறுத்தச் சொன்னது. இருபது வருடம் கழித்து, 2020இல், கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் கிடைத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தொந்தரவில்லாத அந்தப் பல்லை எடுப்பது நல்லதா, விடுவது நல்லதா என்று அடித்துச் சொல்லச் சான்று போதாது என்பதுதான் அவர்களுடைய முடிவும். கீழ்ப் பல்லின் வேருக்குப் பக்கத்தில் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தருகிற நரம்பு ஓடுகிறது. அது பட்டால் உதடு மரத்துப் போகும். சிலருக்கு மாதக்கணக்கில், அரிதாக நிரந்தரமாக. வேர் நரம்போடு ஒட்டிக் கிடந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேரை உள்ளேயே விடுகிற முறையும் உண்டு. "பாதிப் பல்லை விட்டுட்டான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

எனக்கு ஐந்து மாதம் கழித்துத் திரும்ப வீங்கியது. அந்த முறை எடுத்தார்கள்.

பிடுங்குவது அரை மணித்தியாலம். பிறகு வருகிற ஒரு கிழமைதான் உங்கள் கையில் இருக்கிறது. குழிக்குள் உறைந்து நிற்கிற இரத்தக்கட்டியைக் குழப்பாமல் விடுவதுதான் முழு வேலையும். அது கழன்று போனால் எலும்பு வெளியே தெரியும். மூன்றாம் நாள் அளவில் காது வரைக்கும் இழுக்கிற வலியும் கெட்ட வாடையும் வரும். ட்ரை சொக்கெட் என்பார்கள். வந்தால் வீட்டில் கிடந்து தாங்க வேண்டாம், திரும்பப் போங்கள். கழுவி மருந்து வைத்துவிடுவார்கள்.

அம்மா சொன்ன உப்புத் தண்ணீர் சரிதான், ஆனால் முதல் 24 மணித்தியாலம் கொப்பளிக்கவே கூடாது, கட்டி போய்விடும். ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சுவதும் ஓங்கித் துப்புவதும் கூடாது. வெற்றிலை வட்டாவைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த ஒருவரை எனக்குத் தெரியும். பாக்குத் தூளும் சுண்ணாம்பும் அந்தக் குழிக்குள் போனால் என்னவாகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. சிகரெட் இன்னும் மோசம்: 2022இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் புகைக்கிறவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு ட்ரை சொக்கெட், புகைக்காதவர்களில் நாலு பேருக்கு.

வலிக்குப் பெரிய குளிசை தேடி அலைய வேண்டாம். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் முன்னின்று, புதைந்த ஞானப்பல் எடுத்த 1,800க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், இபுபுரோஃபனும் பனடோலும் (இங்கே பரசிட்டமோல் என்பார்கள்) சேர்த்துக் கொடுத்தவர்கள் அபின் வகைக் குளிசை எடுத்தவர்களைவிட வலி குறைந்து நன்றாக இருந்தார்கள். இரண்டும் இங்கே சுப்பர்மார்க்கெட்டில் வாங்கலாம். ஊசியின் மரப்பு விடுவதற்கு முன்பே முதல் குளிசையைப் போடுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக வருத்தம், கர்ப்பம் என்று ஏதும் இருந்தால் இபுபுரோஃபனுக்கு முன் பார்மசியில் கேளுங்கள். பனடோல் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமில் எட்டுக்கு மேல் கூடாது. தடிமன் மருந்துக்குள்ளும் அது இருக்கும்.

மிளகாய்த்தூளோடு சூட்கேசுக்குள் அம்மாவோ உம்மாவோ வைத்து அனுப்பிய அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் அட்டையைத் தொடாதீர்கள். பல் பிடுங்கிய ஒருவருக்குக் கிருமி பிடிக்காமல் தடுக்கப் பத்தொன்பது பேர் அன்டிபயோட்டிக் குடிக்க வேண்டும் என்று 2021 கொக்ரேன் ஆய்வு கணக்குச் சொல்கிறது. சுகதேகிக்கு டொக்டர் அதை எழுதாவிட்டால் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். ஆனால் தொண்டைப் பக்கம் வீங்கி, விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டமானால் உடனே அவசர இலக்கமான 999க்கு அடியுங்கள்.

சாப்பாட்டில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆறின கஞ்சி, தயிர், சொதியில் ஊறின இடியப்பம். முறுக்கும் மாசிச் சம்பலும் ஒரு கிழமை பொறுக்கட்டும். தையல் பெரும்பாலும் தானாகக் கரையும். கரையாததை வெட்டப் போனாலும், இரத்தம் நிற்காமல் போனாலும், என்எச்எஸ்ஸில் அதற்குத் தனிக் காசு இல்லை.

அக்கரைப்பற்றிலோ, திருக்கோவிலிலோ, ஏறாவூரிலோ விசாவுக்குக் காத்திருக்கிற தம்பி தங்கச்சி இருந்தால் இன்றைக்கே கோல் எடுத்துச் சொல்லுங்கள்: டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு பல் டொக்டரிடம் காட்டி, அவர் தேவை என்றால் முழுத்தாடை எக்ஸ்ரே எடுக்கட்டும். பிடுங்க வேண்டியது இருந்தால் பயணத்துக்குச் சில கிழமை முன்னரே முடிக்கட்டும். எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்து ஃபோனில் ஒரு படமும் எடுத்து வைக்கட்டும். என்னுடைய எக்ஸ்ரே களுவாஞ்சிகுடி வீட்டு அலுமாரிக்கு மேல், பழைய கலண்டருக்குள் சுருட்டியபடி இன்னும் கிடக்கிறது.