ஏட்டில் எழுதிய 300 மில்லி: பிரசவ வார்டில் ஆய்வு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு இளம் டாக்டர் மடிக்கணினியோடு வந்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் தோட்டப்புற ஊருக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான். பகலில் பிரசவ வார்டு, இரவில் ஆய்வுக்காகப் பழைய ஃபைல்கள். எக்செல்லில் இரத்த இழப்பு என்ற வரிசையில் 200, 300, 300, 250, 300.

"தம்பி, இந்த 300-ஐ யார் எழுதியது?"

"ஏட்டில் இருந்தது டாக்டர்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். தேதியைத் தப்பாக அடிப்பதெல்லாம் தானாகத் திருந்திவிடும், அதை விடுங்கள்.

சிகிச்சைக்கு எழுதிய எண்ணை ஆய்வுக்கு எடுப்பது

இதில் பதினான்கு மாதம் போனது. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இரத்தச்சோகையோடு வரும் செம்பனைத் தோட்டத் தாய்மார்களுக்குப் பிரசவத்தில் இரத்தம் அதிகம் போகிறதா என்பது என் கேள்வி. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் சோகை. சுகப்பிரசவத்தில் 500 மில்லியைத் தொட்டால் அதிக இரத்தப்போக்கு. இரண்டும் ஏட்டில் இருக்கின்றன, கூட்டிப் பார்த்தால் போதும் என்று அறுநூறு ஃபைல்களைப் புரட்டினேன்.

அப்புறம் ஒரு ராத்திரி நான் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, மூத்த தாதி தட்டில் தேங்கியதை ஒரு பார்வை பார்த்தார். "முந்நூறு போட்டுக்கிறேன் டாக்டர்." நானும் தலையாட்டினேன். தாயைத் திருப்பிப் படுக்க வைத்தபோது இடுப்புக்கு அடியில் விரிப்பு ஊறிக் கனத்துக் கிடந்தது. துணிகளையும் பஞ்சையும் எடை போட்டோம். உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று வைத்து, தட்டில் இருந்ததையும் சேர்த்தால் 780.

தாதி மேல் தப்பில்லை. கையில் குழந்தை, பக்கத்துக் கட்டிலில் இன்னொரு தாய். அவர் எழுதியது இப்போதைக்குப் பயமில்லை என்பதற்கான எண். அதை அளவு என்று எடுத்துக்கொண்டது நான். இந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாக விழுந்து ஈடுகட்டிக்கொள்ளாது. இரத்தம் அதிகம் போகப் போக, கண் மதிப்பு இன்னும் குறைவாகவே சொல்லும். நான் யாரைத் தேடினேனோ அந்தத் தாய்மார்களே கணக்கில் மறைந்துபோனார்கள்.

2023-ல் வெளிவந்த இ-மோட்டிவ் ஆய்வு நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்தது. வழக்கமான முறையில் பார்த்த மருத்துவமனைகளில் இத்தகைய இரத்தப்போக்கில் ஏறக்குறைய பாதிதான் கண்டுபிடிக்கப்பட்டது. தாயின் இடுப்புக்கு அடியில் இரத்தத்தைப் பிடிக்கும், அளவுக்கோடு போட்ட பையை வைத்த இடங்களில் 93 சதவீதம்.

அதனால் ஃபைலைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் பிரசவ அறையில் நின்று, அந்த எண்ணை யார், எப்போது, எதைப் பார்த்து எழுதுகிறார் என்று கவனியுங்கள். அறுநூறு பழைய ஃபைல்களைவிட நீங்களே அளந்த ஐம்பது பிரசவம் மேல். பையைக் குழந்தை வெளியே வந்த பிறகு வையுங்கள், இல்லாவிட்டால் பனிக்குட நீரும் கணக்கில் சேரும்.

அனுமதிக்கு முன்பே டேட்டா

கூடாது. என்எம்ஆர்ஆர் எனும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கைக்கு வந்த பிறகுதான் முதல் ஃபைல்.

வலியில் கையெழுத்து

ஆய்வுக்கான சம்மதத்தைக் கர்ப்பகால கிளினிக்கிலேயே கேளுங்கள். அதுவும் நீங்கள் கேட்காமல் வேறொருவர் தமிழில் விளக்கிக் கேட்கட்டும். தன் பிள்ளையை எடுக்கப்போகும் டாக்டரிடம் மாட்டேன் என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. "நீங்க சொன்னா சரிதான் டாக்டர்" என்பது சம்மதம் ஆகாது.

ஆன்-கால் இரவுப் பணி முடிந்த காலையில் டேட்டா ஏற்றுவது

தூங்குங்கள்.

தாய்வீட்டைக் கேட்காமல் விடுவது

பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம் பார்க்க வேண்டிய ஒரு தாயைத் தேடித் தோட்டத்து லயத்துக்கே போனேன். கதவு பூட்டியிருந்தது. "தலைப்பிரசவம் இல்லையா டாக்டர், அம்மா வீட்டுக்குப் போயிருச்சு, கூலிம் பக்கம்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அன்றிலிருந்து எங்கள் படிவத்தில் முகவரிக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: பிள்ளை பிறந்த பிறகு எந்த வீட்டில் இருப்பீர்கள்? அதற்குப் பக்கத்தில், அம்மாவின் கைப்பேசி எண்.