புறாமலைக்குப் போகிறவர்களுக்கு

நிலாவெளிக் கரையில் நின்று பார்த்தால், ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கடலுக்குள் இரண்டு பாறைத் திட்டுகள் தெரியும். வெளியூர்க்காரர் 'பிஜன் ஐலன்ட்' என்பார்கள். எங்களுக்கு அது புறாமலை. திருகோணமலைக்கு வருகிற உறவுக்காரரை எல்லாம் நான்தான் அங்கே கூட்டிப் போவேன். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

மே முதல் செப்ரெம்பர் வரை போங்கள். மார்கழி, தையில் வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று இருக்கிறது. அது காலையில் அடங்கிக் கிடந்து, வெயில் ஏற ஏற எழும்பும். அதனால் முதல் வள்ளத்திலேயே போய்விடுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு, வள்ளக் கூலி வேறு. நாலைந்து பேர் சேர்ந்து போனால் கூலி கையைக் கடிக்காது.

கடலில் மிதந்தபடி அடியில் உள்ளதைப் பார்க்க மூச்சுக்குழாயும் கண்ணாடியும் கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கண்ணாடியை வாங்கியதும், பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தும் முகத்திலேயே ஒட்டி நின்றால் அது உங்களுக்குப் பொருந்தும். விழுந்தால் வேறொன்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். வெயிலுக்குக் கிறீம் பூசுவதை விட நீளக்கைச் சட்டை நல்லது. சில கிறீம்களில் உள்ள இரசாயனம் முருகைக்கல்லுக்கு, அதாவது பவளப்பாறைக்கு, கேடு.

வள்ளம் பெரிய புறாமலையில் இறக்கிவிடும். செருப்பைக் கழற்றாதீர்கள். அந்தக் கரையில் மணலை விட உடைந்த முருகைத் துண்டுகள்தான் அதிகம். விரல் விரலாக, வெள்ளை வெளேரென்று கிடக்கும். மிதித்தால் ஓட்டுத் துண்டு போலக் கலகலக்கும். ஒன்றைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். மேலெல்லாம் ஊசித் துளைகள் தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஓர் உயிர் இருந்தது. பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கள். இது 2003 முதல் தேசியப் பூங்கா, எதையும் எடுத்து வரக் கூடாது.

நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்பு அங்கியைப் போடுங்கள். பயத்துக்காகச் சொல்லவில்லை. களைத்துப்போனால் கால் தானாகத் தரையைத் தேடும், அந்தத் தரை உயிருள்ள முருகைக்கல். என் அக்காவின் மகன் ஒருமுறை தண்ணீரைக் குடித்துவிட்டுப் பதறி எழுந்து நின்றான். காலடியில் மான்கொம்பு போன்ற ஒரு கிளை முறிந்தது. அவன் கணுக்காலில் பட்ட கீறல் ஆற மூன்று வாரம் ஆனது. அந்தக் கிளைக்கு எத்தனை வருடம் ஆகுமோ என்று எனக்கு இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

கையை அடிக்காமல் அப்படியே மிதந்து கிடங்கள். ஐந்து நிமிடத்தில் மீன்கள் உங்களை மறந்துவிடும். கறகற என்று ஒரு சத்தம் கேட்டால், அது கிளிமீன் கல்லைக் கொறிப்பது. அது கொறித்துக் கழிப்பதும் மணலாகத்தான் சேருகிறது. அழுங்காமையோ பேராமையோ வந்தால் துரத்த வேண்டாம். மூச்சு வாங்க மேலே வருகிற வழியை மறிக்காதீர்கள். முதுகுச் செட்டையின் நுனி கறுத்த சுறாக்களும் உண்டு. நான் அவற்றைப் பெரும்பாலும் தீவின் மறுபக்கத்து ஆழமில்லாத தண்ணீரில்தான் கண்டிருக்கிறேன். பெரிதாக வளர்ந்தாலும் பெரும்பாலும் ஐந்தடிக்குச் சற்று மேல்தான். ஆளைக் கண்டால் விலகிப் போகிற சாது. சத்தம் போட்டுக் கையை அடித்தால் போய்விடும், பிறகு அன்றைக்குப் பார்க்கக் கிடைக்காது.

எல்லோரும் கடலையே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வள்ளம் வரும்வரை நிழலில் இருந்து, பாறை இடுக்குகளை அண்ணாந்து பாருங்கள். சாம்பல் உடம்பு, சிறகில் இரண்டு கறுப்புக் கோடு, கழுத்தில் பச்சையும் ஊதாவும் மினுங்கும் மாடப்புறா. நம் கோயில் கோபுரங்களில் அடைகிற புறாவும் இதே இனம்தான். ஆனால் ஆதியில் அதன் வீடு இப்படிப்பட்ட பாறைதான். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தீவைச் சுடும் பயிற்சிக்கு வைத்திருந்தார்களாம். புறாக்கள் இன்னும் இருக்கின்றன. இடுக்குக்குள் கூடு இருக்கலாம், ஏறிப் போய்ப் பார்க்காதீர்கள்.

சாப்பாட்டுப் பார்சலை வாழையிலையில் கட்டுங்கள், பொலித்தீன் வேண்டாம். பதினொரு மணிக்குள் வள்ளக்காரரை வரச் சொல்லுங்கள். கச்சான் எழும்பினால் திரும்பும் வழியெல்லாம் முகத்தில் உப்புத் தண்ணீர்தான்.