கப்பல் சிதைவுக்குள் முங்கப் போகிறவர்களுக்கு: மாற்றுக் காற்று சிலிண்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

குளச்சலிலிருந்து கோவளத்துக்குப் போய் முங்கிப் பழகினேன். அப்புறம் இலங்கையில் ஹிக்கடுவைப் பக்கம் 1903இல் மூழ்கிய காஞ்ச் என்ற எண்ணெய்க் கப்பலைப் பார்க்கக் கிளம்பியபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. உள்ளே இருக்கும்போது காற்று நின்றுபோனால்? திறந்த கடலில் நேராக மேலே ஏறிவிடலாம். கப்பலுக்குள் தலைக்கு மேல் இரும்புத் தளம் இருக்கிறது. முதலில் வெளியே வர வேண்டும், அப்புறம்தான் மேலே.

சிதைவுக்குள் நுழையும் பயிற்சியும், வழிக்கயிறு கட்டிப் போகும் பழக்கமும் உங்களுக்கு உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் வெளியிலிருந்தே சுற்றிப் பாருங்கள்.

1. முதலில் கணக்கு

கடைக்குப் போகும் முன் பேப்பரும் பேனாவும் எடுங்கள். 20 மீட்டர் ஆழம் என்றால் அழுத்தம் 3 பார். நிதானமாக இருக்கும்போது நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவர் பதற்றத்தில் 40 லிட்டர் இழுப்பார். அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு என்பதால், அந்த ஆழத்தில் நிமிடத்துக்கு 120 லிட்டர்.

வெளியே வர 3 நிமிடம்: 360 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே ஏற ஏறக்குறைய 180. ஏறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க இன்னொரு 180. மொத்தம் 720 லிட்டர்.

2. எந்த சிலிண்டர்?

பிரதான சிலிண்டரோடு கூடவே கொண்டுபோகும் சின்ன மாற்று சிலிண்டருக்குப் போனி என்று பெயர். 200 பார் அழுத்தத்தில் அடைத்த 3 லிட்டர் போனியில் இருப்பது 600 லிட்டர். போதாது. ஸ்பேர் ஏர் என்ற கையடக்கமான குட்டி சிலிண்டர் பெரிய அளவில்கூட 85 லிட்டர்தான் கொள்ளும். 20 மீட்டரில் பதற்றத்தில் முக்கால் நிமிடம்கூட வராது. கப்பலுக்குள் போகிறவர் அதை வாங்கவே வேண்டாம் என்பேன்.

என் தேர்வு 40 கன அடி அலுமினிய சிலிண்டர். 1,100 லிட்டருக்கு மேல் கிடைக்கும். இடது பக்கம் இரண்டு கொக்கியில் மாட்டினால் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். முதுகில் பிரதான சிலிண்டரோடு சேர்த்துக் கட்டுவது எனக்குப் பிடிக்காது: வால்வு கைக்கு எட்டாது, சிதைவில் சிக்கிக் கிடக்கும் பழைய வலை மாட்டினாலும் தெரியாது. இரட்டை சிலிண்டர் இன்னும் நல்லது, ஆனால் நம் ஃபைபர் படகில் அதை ஏற்றி இறக்கும் பாடு பெரிது.

ஒன்று மட்டும்: போனியில் இருக்கும் காற்றை முங்கும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். பிரதான சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. போனி அதற்கும் வெளியே.

3. எது வாயில் இருக்கிறது?

நான் தடுக்கி விழுந்த இடம் இது. கோவளத்தில் ஒரு நாள் குதித்துப் பத்து நிமிடம் ஆகியும் பிரதான சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜ் 200இலிருந்து அசையவில்லை. கேஜ் பழுது என்று நினைத்தேன். உண்மையில் அவ்வளவு நேரமும் போனியிலிருந்துதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். கப்பலுக்குள் அது நடந்திருந்தால், கையிருப்பு தீர்ந்தது தெரியாமலே உள்ளே போயிருப்பேன்.

சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டர் இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே மாதிரி மவுத்பீஸ். மஞ்சள் நிறம் வாங்கினால் தீரும் என்றார்கள். கலங்கிய நீரில், இருட்டில், நிறம் எங்கே தெரியும்? விரலுக்கும் பல்லுக்கும் தெரிய வேண்டும். அதனால் போனிக்கு வேறு வடிவ மவுத்பீஸ் போட்டேன். அதை ரப்பர் கயிற்றில் கோத்துக் கழுத்தில், தாடைக்கு நேர் கீழே தொங்கவிட்டேன். கையே இல்லாமல் தலையைக் குனிந்து வாயால் கவ்வலாம். அதற்குத் தனியாக ஒரு சின்ன கேஜும் கட்டாயம்.

குதிக்கும் முன் பிரதான ரெகுலேட்டரில் நான்கு மூச்சு, கேஜைப் பார்த்தபடியே. முள் லேசாக ஆடினால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை.

4. பழக்கம்

கண்ணை மூடிக்கொண்டு மாற்றிப் பழகுங்கள். முதலில் கரையில், அப்புறம் 5 மீட்டரில். நான் ஒவ்வொரு முங்கலிலும் ஒரு தடவை செய்கிறேன்.

பின்சேர்க்கை: போனி வால்வைத் திறந்து வைப்பதா, மூடுவதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் திறந்தே வைக்கிறேன். காற்று நின்ற நொடியில் வால்வைத் தேடக் கூடாது. ஆனால் ஒருவருக்குக் குதித்தபோது மவுத்பீஸ் மேல் நோக்கித் திரும்பி, குமிழி குமிழியாகக் காற்று போய் 70 பார்தான் மிஞ்சியிருக்கிறது. அதனால் 5 மீட்டரில் நின்று போனி கேஜைப் பாருங்கள். குறைந்திருந்தால் அன்றைக்கு உள்ளே போக வேண்டாம்.