வாஷிங் மெஷின் ஸ்பின் ஆகலன்னா உடனே கியர்பாக்ஸ் போச்சுன்னு நம்பிடாதீங்க

போன மாசம் பினாங்குல எங்க ஜெலுத்தோங் ஃபிளாட்ல எதிர் வீட்டு ஆன்ட்டி வந்து, மெஷின் ஸ்பின் ஆகல, ரிப்பேர் ஆள் வந்து பாத்துட்டு, தொட்டிய சுத்த வைக்கற கியர்பாக்ஸ் போச்சு, 380 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்னு சொல்லிட்டு போயிட்டாரு, பேசாம புதுசே வாங்கிடவா தம்பின்னு கேட்டாங்க. போய் மூடிய திறந்து பாத்தா உள்ள ஒரு சாண் தண்ணி அப்படியே நிக்குது. தண்ணி வடியலன்னா டாப் லோட், அதாவது மேல மூடி இருக்கற மெஷின், ஸ்பின் பண்ணாது, கியர்பாக்ஸ் புதுசா இருந்தாலும் பண்ணாது. கடைசில பாத்தா தண்ணி வெளியாகற வால்வுல ஒரு 20 காசும் ரெண்டு ஹேர்பின்னும் மாட்டிகிட்டு இருந்துச்சு. ரெண்டு நாளா அவங்க டோபி கடைக்கு துணி தூக்கிட்டு அலைஞ்சது நெனச்சா எனக்கு இப்பவும் கஷ்டமா இருக்கு, அதான் இத எழுதறேன்.

மெஷின் செய்யற வேலை நாலுதான். தண்ணி புடிக்கும், சுத்தி துவைக்கும், தண்ணிய வெளிய விடும், அப்புறம் ஸ்பின். இதுல ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது நடக்கும், அதனால நாம பாக்கற கோளாறு ஒரு எடத்துலயும் காரணம் அதுக்கு முந்துன எடத்துலயும் இருக்கும். மெஷின் எங்க நின்னுச்சுன்னு பாருங்க, டிஸ்ப்ளேல வர்ற எரர் கோட் என்னன்னும் எழுதி வைங்க. எல்ஜில ஐஇ வந்தா தண்ணி வரல, ஓஇ வந்தா தண்ணி போகல, யூஇ வந்தா துணி ஒரு பக்கமா சேந்துடுச்சு. பேனசோனிக்ல யூ14 தண்ணி வரல, யூ11 தண்ணி போகல, யூ12 மூடி திறந்திருக்கு, யூ13 பேலன்ஸ் இல்ல. சாம்சங்ல 4சி தண்ணி வரல, 5சி தண்ணி போகல.

எதுல கைய வைக்கறதுக்கு முன்னாடியும் பிளக்க உருவிடுங்க, சுவிட்ச ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது.

தண்ணி மெதுவா வருது இல்ல வரவே இல்லன்னா நம்ம ஊர்ல முதல்ல பாக்க வேண்டியது வலை. மெஷினுக்கு பின்னாடி தண்ணி ஹோஸ் மாட்டற எடத்துல உள்ள ஒரு சின்ன பில்டர் வலை இருக்கும். 2024 ஜனவரி 10ல இருந்து 14 வரைக்கும் பினாங்குல தண்ணி கட் இருந்துச்சே, அது மாதிரி ஒவ்வொரு கட்டுக்கு அப்புறமும் முதல்ல வர்ற தண்ணி கலங்கலாத்தான் வரும், அந்த மண்ணு பூரா இந்த வலைலதான் போய் உக்காரும். பைப்ப மூடிட்டு, ஹோஸ கழட்டி, வலைய பிளையர்ல மெதுவா இழுத்து பழைய பல் பிரஷ்ல தேய்ச்சு கழுவுனா போதும். இனிமே தண்ணி கட் முடிஞ்சா முதல்ல பாத்ரூம் பைப்ப திறந்து தெளிவா வர்ற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் மெஷின போடுங்க.

இதுக்கு நேர் எதிரா தண்ணி நிக்காம வந்துகிட்டே இருந்தா ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு. தண்ணி வந்துகிட்டு இருக்கும்போதே பவர ஆஃப் பண்ணுங்க. அப்பவும் தண்ணி வந்தா தண்ணி உள்ள விடற வால்வு மூடாம மாட்டிகிச்சு, அத மாத்தணும். பவர் போனதும் தண்ணி நின்னுச்சுன்னா வால்வு நல்லாத்தான் இருக்கு, தண்ணி அளவு பாக்கற சென்சார் பக்கம் பிரச்சனை, பாதி நேரம் அந்த சென்சாருக்கு போற மெலிசான காத்து டியூப் கழண்டிருக்கும் இல்ல எலி கடிச்சிருக்கும். இன்னொண்ணு, தண்ணி ஒரு பக்கம் வர வர இன்னொரு பக்கம் போயிகிட்டே இருந்தா தண்ணி போற வால்வுல ஏதோ மாட்டி அது முழுசா மூடலன்னு அர்த்தம்.

இப்ப அந்த வால்வுக்கே வருவோம், ஏன்னா ஸ்பின் ஆகலன்னு சொல்ற மெஷின்ல நான் முதல்ல பாக்கறதே இததான். நெறைய மெஷின்ல பம்ப் கிடையாது, தண்ணி தானா கீழ இறங்கித்தான் போகணும், அதனால தரைல போற ஹோஸ் நெளிஞ்சிருந்தாலோ, வழியில ஏதாவது மேல ஏறி போனாலோ, நீளம் பத்தலன்னு இன்னொரு ஹோஸ ஒட்டி இழுத்திருந்தாலோ தண்ணி தங்கிடும். முதல்ல ஹோஸ நேராக்கி பாருங்க. அதுவும் சரியா இருந்தா தண்ணிய கப்புல மொண்டு ஊத்திட்டு பின்பக்க கவர கழட்டுங்க, கீழ வால்வோட மூடி தெரியும், அத திருகுனா உள்ள ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்கும், எது எது எப்படி இருந்துச்சுன்னு போன்ல படம் எடுத்துட்டு வெளிய எடுங்க. பட்டன், காசு, முடி, பஞ்சு எல்லாம் அங்கதான் இருக்கும். வால்வு சுத்தமா இருந்தும் திறக்கலன்னா அத இழுக்கற சின்ன மோட்டார் போயிருக்கலாம். இந்த மோட்டார் வால்வ திறக்கறதோட மெஷின துவைக்கறதுல இருந்து ஸ்பின்னுக்கும் மாத்தி விடும், அதனால இது ஒண்ணு போனாலே ரெண்டும் நின்னுடும், பாக்கறவங்களுக்கு கியர்பாக்ஸ் போன மாதிரியே தெரியும்.

தண்ணி நல்லா போயும் ஸ்பின்ல டம டமன்னு அடிச்சு நின்னா துணிய பாருங்க. தைப்பூசம் முடிஞ்சு தண்ணிமலை முருகன் கோயில்ல இருந்து வந்த வேட்டி புடவை எல்லாத்தையும் ஒண்ணா போட்டா அது முறுக்கிகிட்டு ஒரு பக்கமாத்தான் நிக்கும், பிரிச்சு சுத்தி வர போடுங்க. தண்ணி புகாத ரெயின்கோட், மெத்தை உறை இதெல்லாம் ஸ்பின்ல போடவே போடாதீங்க, உள்ள தண்ணி தேங்கி மெஷினே தூக்கி அடிக்கும். துணி இல்லாமயும் ஆடுச்சுன்னா எதிர் எதிர் மூலைய அழுத்தி பாத்து காலுங்கள திருகி சமமாக்குங்க. கடைசியா உள்தொட்டிய கைல கீழ அழுத்தி விடுங்க, நாலு அஞ்சு தடவ குதிச்சா தொட்டிய தூக்கி புடிக்கற கம்பிங்க தேஞ்சுடுச்சு. நாலு கம்பியையும் ஒண்ணா மாத்தணும், ஒண்ணு மட்டும் மாத்துனா திரும்பவும் சாயும்.

உம்முன்னு சத்தம் மட்டும் வந்து சுத்தலன்னா, பிளக்க உருவிட்டு தொட்டிக்குள்ள அடியில இருக்கற தட்ட கைல திருப்பி பாருங்க. இறுகி இருந்தா அதுக்கு அடியில ஏதோ மாட்டியிருக்கு. லேசா சுத்துச்சுன்னா மோட்டார கிளப்பி விடற கெப்பாசிட்டரா இருக்கலாம், மோட்டார் ஓடற சத்தம் கேட்டும் தட்டு சுத்தலன்னா பெல்ட். கெப்பாசிட்டர்ல பிளக் உருவுன பிறகும் கரண்ட் இருக்கும், பழக்கம் இல்லாதவங்க தொட வேணாம்.

நாத்தமும் துணில கருப்பு கருப்பா ஒட்டறதும் சோப்பும் சாஃப்ட்னரும் அதிகமா போடறதால வர்ற அழுக்கு. துணி இல்லாம தண்ணிய நிறைய புடிச்சு குளோராக்ஸ் ப்ளீச் ஒரு கப் ஊத்தி கொஞ்சம் சுத்த விட்டு ஒரு மணி நேரம் ஊறட்டும், அப்புறம் ரெண்டு தடவ வெறும் தண்ணில அலசுங்க. அதோட வினிகர மட்டும் கலந்துடாதீங்க, விஷ வாயு வரும்.

மெஷின தொட்டா ஷாக் அடிச்சாலோ, போட்டதும் வீட்டு கரண்டே டிரிப் ஆனாலோ மேல சொன்ன எதையும் செய்யாதீங்க, திரும்ப திரும்ப ஆன் பண்ணியும் பாக்காதீங்க, அதுக்கு ஆள்தான் வேணும். ஆள கூப்பிடறப்ப ஸ்பின் ஆகலன்னு மட்டும் சொல்லாதீங்க, தண்ணி புடிச்சுதா, சுத்துச்சா, வடிஞ்சுதா, என்ன கோட் வந்துச்சுன்னு சொல்லுங்க, மாத்துன பழைய சாமான கைல குடுத்துட்டு போக சொல்லுங்க.