ஏசி பில்: ரிமோட்டில் இல்லை கோளாறு

சென்னையில் மார்ச் கடைசியில் ஓட ஆரம்பிக்கும் ஏசி, ஐப்பசி மழை பிடிக்கும்வரை ஓய்வதில்லை. பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் எடுப்பது ரிமோட்டை. பார்க்க வேண்டியது அவுட்டோர் யூனிட்டை. ஏசி செய்வதெல்லாம் அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான். கொட்டும் இடம் அடைபட்டிருந்தால் கம்ப்ரஸர் கூடுதல் அழுத்தத்தில் திணறும், மீட்டர் ஓடும்.

அடுக்குமாடிகளில் இது தினசரிக் காட்சி. நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த ஷாஃப்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக யூனிட்டுகளை மாட்டிவிடுகிறார்கள். கீழ்வீட்டு யூனிட் துப்பும் அனலையே மேல்வீட்டு யூனிட் இழுக்கிறது. இன்னும் சிலர் பால்கனி கிரில்லுக்குள் வைத்து, அதன் முன்னாலேயே துணி காயப்போடுகிறார்கள். யூனிட்டுக்குப் பின்னால் ஒரு சாண், முன்னால் மூன்றடியாவது திறந்த இடம் வேண்டும். வெயில் படாமல் இருக்கப் பெட்டி கட்டி மூடுவது வெயிலைவிட மோசம். நிழல் வேண்டுமென்றால் மேலே ஒரு அடி இடைவெளி விட்டுத் தகரம் போடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். காயில் என்கிற குழாய்ச்சுருளின் மெல்லிய அலுமினியத் தகடுகள் அரித்து, தூசி ஒட்டி, காற்றே புகாது. ஏசிக்கு மின்சாரம் தரும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை ஹோஸில் சாதாரண வேகத்தில் தண்ணீர் அடித்தால் போதும். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடு மடங்கிவிடும். உப்பாக இருக்கும் போர் தண்ணீரும் வேண்டாம். கழுவுகிற காரியமே கெட்டுவிடும். உள்யூனிட் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். பக்கத்தில் கட்டட வேலையோ மெட்ரோ வேலையோ நடந்தால் வாரம் ஒருமுறை.

அடுத்த பெரிய பணவிரயம், வருஷா வருஷம் 'கேஸ் ஃபில்லிங்'. அறைச் சூட்டை வெளியே கடத்தும் இந்தக் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. உள் காயிலின் ஒரு பகுதி மட்டும் குளிர்வது, மெல்லிய குழாயில் பனி படர்வது இதற்கு அறிகுறிகள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் மறுபடி அதே செலவு. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை: நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்த்தாரா, குழாய் இணைப்புகளை இறுக்கும் ஃபிளேர் நட்டுகளில் சோப்புநுரை வைத்தாரா, குழாய்க்குள் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்க வேக்குவம் பம்ப் போட்டாரா, யூனிட்டில் ஒட்டியுள்ள அளவுப்படி கேஸை எடைபோட்டு ஏற்றினாரா. வெளியே ஓடும் செப்புக்குழாயின் கறுப்பு நுரை உறை வெயிலில் பொடிந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

இனி ரிமோட். 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது கற்பனை. 24 வைத்தாலும் அறை அந்த அளவுக்கு இறங்கும்வரை கம்ப்ரஸர் முழுமூச்சாகத்தான் ஓடும். 18 வைத்தால் ஓட்டம் நிற்காது, அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் (BEE) கணக்கு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான். 26-இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டால் சென்னை ராத்திரிக்கு நன்றாகவே போதும். வெயில் குறைந்து புழுக்கம் மட்டும் இருக்கும் மழைநாட்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் 'டிரை' மோடு சரியான தேர்வு.

மேல்மாடி வீட்டில் பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் தளம் இரவு முழுக்க உமிழும். மொட்டை மாடிக்கு வெள்ளை சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயின்டோ அடிக்காமல் ஏசியின் டன்னேஜை, அதாவது குளிரூட்டும் திறனை, ஏற்றுவது தப்பான வழி. மேற்கு ஜன்னலுக்கு உள்பக்கத் திரையைவிட வெளிப்பக்கத் தட்டி பயன் தரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு திரும்பிப் போகாது.

கடைசியாக, பில்லின் கணக்கு. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் பலர் நடுவில் மீட்டரைப் பார்ப்பதேயில்லை. 2022 கட்டணப் பட்டியலில் 500 யூனிட்டைத் தாண்டியதுமே 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலை போய்விட்டது. 501-ஆவது யூனிட் ஒன்றுக்காகவே பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறியது. ராத்திரிக்கு 5 யூனிட் என்றாலும் 60 நாளில் ஏசி மட்டுமே 300. ரீடிங் எடுத்த முப்பதாம் நாள் மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால், மிச்சமுள்ள நாட்களில் ஒரு அறை ஏசியோடு சமாளிக்க முடியுமா என்று பார்க்கலாம்.