நிலம் விற்ற பணம் வந்தபின் வேலையை விட்ட விதம்

ஸ்ரீபெரும்புதூர் அருகே எங்கள் பூர்வீக நிலம் விலைபோய் என் பங்கு வங்கிக்கு வந்ததும், வேலையை உடனே விடச் சொன்னவர்களே அதிகம். நானோ மூலதன ஆதாய வரிக்கு உரியதை ஒதுக்கி, மீதியை நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு, அதன் வட்டியைத் தொடாமல் சம்பளத்திலேயே குடும்பத்தை நடத்தியபடி கணக்குப் பார்த்தேன்.

பணத்தைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிந்தது மருத்துவக் காப்பீடுதான். அலுவலகத்தின் குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்க 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடலாம். எனவே குழுப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறுவதற்கு விண்ணப்பித்து, கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும் என்று எழுத்தில் உறுதி பெற்ற பிறகே ராஜினாமாவைப் பற்றி யோசித்தேன்.

பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) வேண்டிய 5 ஆண்டுத் தொடர்பணி நிறைவடையச் சில மாதங்களே இருந்தன. வருங்கால வைப்பு நிதியையும் அதற்கு முன் எடுத்தால் வரி உண்டு என்பதால் காத்திருந்தேன். கடிதத்தில் சொந்தக் காரணங்கள் என்று மட்டும் எழுதி, நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்து, அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொண்டேன். நிலம் விற்ற சேதியை அலுவலகத்தில் எவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கைமாற்றுக் கேட்டே பாதிப் பேர் வந்திருப்பார்கள்.